தண்ணீரில் ஒரு கோணல்

பெரம்பூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீரின் பண்புகளையும் உயிரினங்களுக்கு அவை ஏன் முக்கியம் என்பதையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பாயிண்ட் பாயிண்டாக மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் தன்வெப்பம் அதிகமாக இருந்தால் உயிருக்கு என்ன லாபம் என்று கேட்டால் முழிக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. புரியும்படி யாராவது சொல்ல முடியுமா?"

சொல்கிறேன் அம்மா. நீளமாகத்தான் வரும். இருபத்தேழு வருடம் வேதியியல் நடத்தியவனுக்குச் சுருக்கமாகப் பேசுகிற பழக்கம் எப்போதோ போய்விட்டது.

உங்கள் மகள் மனப்பாடம் செய்த பட்டியலில் ஆறு பண்பு இருக்கலாம், எட்டு இருக்கலாம். அத்தனையும் ஒரே சங்கதிதான். அது எட்டு இடத்தில் எட்டு வேஷத்தில் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியை அவளே வரவழைத்துக்கொள்வாள்.

நீர் மூலக்கூறில் நடுவில் ஆக்சிஜன், அதற்கு இரு பக்கமும் ஹைட்ரஜன். மூன்றும் நேர்கோட்டில் நிற்பதில்லை. மடக்கிய முழங்கை மாதிரி 104.5 டிகிரி கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற ஆசாமி. அதனால் முழங்கைப் பக்கம் லேசான எதிர்மின் சாயல், ஹைட்ரஜன் முனைகளில் லேசான நேர்மின் சாயல். மூலக்கூறு நேராக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். கார்பன் டை ஆக்சைடில் அப்படித்தான் நடக்கிறது. தண்ணீரின் கோணல் அதைச் சரிக்கட்ட விடுவதில்லை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் போய்ப் பிடிக்கிறது. இதற்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் சோப்ளாங்கிப் பிடி. ஒரு நொடியை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் கிடைக்கிற ஒன்றிரண்டு துளி நேரம்தான் தாங்கும். பிடிக்கும், விடும், வேறு ஆளைப் பிடிக்கும். ஆனால் எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் யாரையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்தப் பிடி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய கூவம் பாலத்துக்கு வாருங்கள். அங்கே மூக்கைப் பொத்தவைக்கிற அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருக்கிற கந்தகம், அதே இரண்டு ஹைட்ரஜன். தண்ணீருக்குப் பங்காளி முறை. மூலக்கூறு எடை 34, தண்ணீருக்கு 18. எடை கூடிய அதுவே மைனஸ் 60 டிகிரியில் கொதித்து வாயுவாகிவிடுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் தண்ணீர் சுமார் மைனஸ் 80-லேயே கொதித்துப் பறந்திருக்க வேண்டும். 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கக் காரணம் அந்தப் பிடிதான். அது இல்லையென்றால் பூமியில் கடலும் இல்லை, காவிரியும் இல்லை, என் காலை காபியும் இல்லை.

சரி, தன்வெப்பத்துக்கு வருவோம். மே மாத மதியத்தில் மெரினா மணலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மணலில் கால் பொரியும். ஓடிப்போய் அலையில் நின்றால் ஜில்லென்று இருக்கும். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடேற்ற ஆகிற வெப்பம்தான் அதன் தன்வெப்பம். தண்ணீருக்கு அது 4.18 ஜூல் (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கிற அலகு). மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். தண்ணீருக்குக் கொடுக்கிற வெப்பத்தில் பெரும்பகுதி முதலில் பிடிகளைத் தளர்த்துவதில் செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் வெப்பநிலையாகத் தெரிகிறது. நிலம் சீக்கிரம் சுட்டு, கடல் நிதானமாகச் சுடுவதால்தான் மதியத்துக்கு மேல் நமக்குக் கடல்காற்று. அது வர நேரமானால் சென்னை என்ன ஆகும் என்பதை 2003 மே 31 அன்று பார்த்தோம். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி.

நம் உடம்பில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். உள்ளே ஒவ்வொரு செல்லும் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்க, உடம்பு 37 டிகிரியைவிட்டு லேசில் நகராததற்கு இந்த மந்தமும் ஒரு காரணம். ஆனால் மந்தம் மட்டும் போதாது, வெப்பத்தை வெளியேற்றவும் வேண்டும். அதற்கு வியர்வை. திரவமாக இருக்கிற தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் மூலக்கூறுகள் எல்லாப் பிடியையும் உதறிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கான செலவைத் தோலிலிருந்துதான் வசூல் செய்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோ ஜூல் வெளியே போகிறது. 60 கிலோ ஆள் ஒருவரின் உடம்பைப் பதினோரு டிகிரி சூடாக்கக்கூடிய வெப்பம் இது! ஒரே லிட்டரில்!

இதில் 'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சொட்டுகிற வியர்வை கணக்கில் சேராது. சென்னையில் கடல்காற்று வந்ததும் வெப்பநிலை இறங்குகிறது, ஆனால் ஈரப்பதம் ஏறிவிடுகிறது. சட்டை முதுகில் ஒட்டுகிறது, வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது, உடம்பு குளிர்வதில்லை. வேலூரில் இதைவிட வெயில் அதிகம், இருந்தும் அங்கே மண்பானைத் தண்ணீர் நம் ஊரைவிட ஜில்லென்று இருக்கும். பானைக்கு வியர்ப்பதும் நமக்கு வியர்ப்பதும் ஒரே கணக்குதான். புழுங்குகிற நாளில் பானையும் நம்மைப் போலத் திண்டாடும்.

அடுத்தது பனிக்கட்டி. எனக்குப் பிடித்த பகுதி இது. நான் இருப்பது திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸ் பக்கம். அந்தப் பெயருக்கே ஒரு வேதியியல் பாடம் உண்டு. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிற கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைப் பத்திரப்படுத்த 1842-இல் கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி அங்குள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் மேலே படிந்த பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் புதைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் முதல்முறை கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம் கடலில், அதுவும் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து வந்தும், 100 டன் உருகாமல் கரை சேர்ந்தது. மரத்தூளுக்குப் பாதிப் பெருமை. மீதி தண்ணீருக்கு. ஒரு கிலோ ஐஸை வெறுமனே உருக்க ஆகிற வெப்பத்தைக் கொண்டு, உருகி வந்த அதே தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு சுலபத்தில் உருகுகிற சரக்கு இல்லை அது.

இங்கே ஒரு கேள்வி. டியூடரின் ஆட்களால் ஐஸை எப்படி அறுக்க முடிந்தது? அது ஏரியின் மேலே மிதந்ததால்தானே? மற்றப் பொருள்கள் பெரும்பாலும் உறைந்தால் அடர்த்தி கூடி அடியில் போய் உட்காரும். நெய்யைப் பாருங்கள், பாதி உறைந்த நெய்யில் கட்டி அடியில்தான் கிடக்கும். தண்ணீர் 4 டிகிரி வரை குளிரக் குளிரச் சுருங்குகிறது. அதற்குக் கீழே போனால் விரியத் தொடங்குகிறது. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரைக் கைநீட்டி, விறைப்பாக, இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்கிறது. நெருக்கியடித்து நின்ற கூட்டம் கைகோத்துக் கோலாட்டத்துக்கு நின்றால் இடம் அதிகம் வேண்டுமல்லவா, அது மாதிரி. ஐஸ் சுமார் 9 சதவீதம் அதிக இடத்தை அடைக்கிறது, அதனால் மிதக்கிறது.

ஏரி மேலிருந்து கீழாக உறைவதற்கு இதுதான் காரணம். மேலே படிகிற ஐஸ் போர்வையாகிவிடுகிறது. அடியில் 4 டிகிரித் தண்ணீர் திரவமாகவே கிடக்க, மீனும் நத்தையும் பாசியும் அங்கே குளிர்காலத்தை ஓட்டிவிடுகின்றன. ஐஸ் மூழ்குகிற பொருளாக இருந்திருந்தால் குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து கெட்டியாகிக்கொண்டே வந்திருக்கும். மீன் எங்கே போகும்?

இதே விரிவு உயிருக்கு எமனாகவும் வரும். தக்காளியை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள், கொழகொழவென்று தொய்ந்து கிடக்கும். உள்ளே ஊசி ஊசியாக வளர்ந்த பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிட்டன என்று அர்த்தம்.

கரைக்கும் திறனுக்கு வருவோம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும், பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புலம்பல். தண்ணீர் பாறை வழியே வரும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. எதைத் தொட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிற கை அதற்கு. சாப்பாட்டு உப்பில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் இடையில் இருக்கிற ஈர்ப்பு, தண்ணீருக்குள் வந்ததும் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீர் மூலக்கூறுகள் எதிர்மின் முனையைக் காட்டிச் சோடியத்தையும், நேர்மின் முனையைக் காட்டிக் குளோரைடையும் சூழ்ந்து தனித்தனியே கூட்டிப் போய்விடுகின்றன. நரம்பில் ஓடும் செய்தி, இதயத்துடிப்பு, ரத்தத்தில் போகும் சர்க்கரை, சிறுநீரில் வெளியேறும் யூரியா, எல்லாமே கரைந்த நிலையில்தான் வேலை செய்கின்றன. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எங்கள் குடியிருப்பில் ஒரு லாரித் தண்ணீருக்கு நடக்கிற சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிறுநீரகத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

ஆனால் உயிருக்கு ஆதாரமான விஷயம் தண்ணீர் எதைக் கரைக்க மறுக்கிறது என்பதில் இருக்கிறது. பாடத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ரசத்தில் ஒரு சொட்டு நெய் விடுங்கள். வட்டமாக மிதக்கும். இரண்டு வட்டம் பக்கத்தில் வந்தால் ஒன்றாகிவிடும். நெய்க்கும் நெய்க்கும் அப்படியொரு பாசமா என்று தோன்றும். உண்மையில் தண்ணீர்தான் அதை ஒதுக்குகிறது. நெய்க்கு மின் சாயல் இல்லாததால் தண்ணீர் அதைப் பிடிக்க முடியாது. தங்களுக்குள் பிடித்துக்கொள்வதற்கு இடைஞ்சலாக நிற்கிற ஆளை மூலையில் ஒதுக்கிவிடுகிறது. இப்போது ஒரு முனை தண்ணீரை விரும்பி, மறுமுனை நெய் மாதிரி இருக்கிற ஒரு மூலக்கூறை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போலிப்பிடு அப்படிப்பட்டது. தண்ணீரில் போட்டால் நெய் மாதிரியான வால்களை உள்ளே மறைத்து, தண்ணீரை விரும்பும் தலைகளை வெளியே காட்டி, இரட்டை வரிசையாகத் தானே அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்குதான் செல் சவ்வு. யாரும் கட்டவில்லை. தண்ணீர் ஒதுக்கியதில் உருவான சுவர். புரதங்கள் மடிந்து உருவம் பெறுவதற்கும் இதே ஒதுக்கல்தான் பெரிய காரணம்.

இந்தச் சவ்வு தண்ணீரை விடும், உப்பை லேசில் விடாது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். ஆவக்காய்க்கு உப்புப் போட்ட மறுநாள் ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்பதும், காசிமேட்டுக் கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதனால்தான். கருவாட்டின் மேல் வந்து உட்காருகிற பாக்டீரியாவின் தண்ணீரையும் உப்பு உறிஞ்சிவிடும், அதனால் பிழைக்க முடியாது. பக்கத்திலேயே கடல் இருந்தும் 2019-இல் ஏரிகள் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோமே, ஏன்? கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் செலவழிக்க வேண்டியிருக்கும். நெம்மேலி ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்க, பெரும் அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளுகிறார்கள். தண்ணீர் இயல்பாகப் போகிற திசைக்கு எதிராகத் தள்ளுவதால் மின்சாரச் செலவு அதிகம்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலும் இதே தத்துவம்தான். குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிற வாசல் ஒன்று உண்டு. அவை போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீர் கொடுத்தால் அவ்வளவாக நிற்காது. 1971 வங்கதேசப் போரின்போது போன்காவ் அகதி முகாமில் காலராவுக்கு டாக்டர் திலீப் மஹாலனபிஸ் இதைப் பெரிய அளவில் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். வீட்டில் என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும், உப்பு கூடிவிடக்கூடாது.

வாயுக்களும் கரையும், ஆனால் தலைகீழ்க் கணக்கில். சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு லிட்டரில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அதில் பாதிதான். வெயில் காலத்தில் பச்சையாகிப்போன குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சு வாங்கியதில் இருந்த கொஞ்சமும் தீர்ந்திருக்கும். அப்புறம், நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனே தண்ணீரை உடைத்து வந்ததுதான். இலை விடுகிற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது என்று 1941-இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜனை அடையாளமாக வைத்துக் காட்டினார்கள். தேர்வில் பலர் தப்பாக எழுதுகிற இடம் இது.

இப்போது தென்னைமரம். வீட்டு அடிபம்ப்பில் தண்ணீர் மட்டம் கீழே இறங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் வராது. மேலிருந்து உறிஞ்சும் எந்தப் பம்ப்பாலும் சுமார் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்க முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே மூச்சு வாங்கும். அதனால்தான் சென்னை முழுக்க மோட்டாரைக் குழாய்க்கு அடியிலேயே இறக்கிவிட்டார்கள். ஆனால் இருபது மீட்டர் தென்னை மோட்டார் இல்லாமல் உச்சி இளநீருக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. எப்படி? ஓலையிலிருந்து ஒரு மூலக்கூறு ஆவியாகிப் போகும்போது பின்னால் இருப்பதை இழுத்துவிட்டுப் போகிறது. அது தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது. இப்படி வேர் வரை சைலம் என்ற நுண்குழாய்களில் அறுபடாத தண்ணீர்க் கயிறு. டிக்ஸனும் ஜோலியும் 1894-இல் சொன்ன விளக்கம் இது. அத்தனை உயரத்துக்கு அந்தக் கயிற்றை அறுக்காமல் வைத்திருப்பது, நொடிக்குள் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கிற அதே சோப்ளாங்கிப் பிடி.

கடைசியாகப் பரப்பு இழுவிசை. மேற்பரப்பில் இருக்கிற மூலக்கூறுக்கு மேலே பிடிக்க ஆள் இல்லை, பக்கத்திலும் கீழேயும்தான் பிடிக்க முடியும். அதனால் பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி ஆகிறது. இது நம்மை மூச்சுவிடவே விடாமல் செய்திருக்கும். நுரையீரலில் கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள், எல்லாவற்றிலும் உள்ளே ஈரப்பூச்சு. அந்த ஈரம் சுருங்கப் பார்க்கும், காற்றறையை மூடப் பார்க்கும். அதைத் தடுக்க நுரையீரலே சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. கர்ப்பத்தில் கிட்டத்தட்ட 34 வாரத்துக்குப் பிறகுதான் அது போதுமான அளவுக்கு வரும். அதற்கு முன்பே பிறக்கிற குழந்தைகளில் பலர் ஒவ்வொரு மூச்சுக்கும் போராட வேண்டியிருப்பது இதனால்தான். காரணம் இந்தப் பொருள் இல்லாததுதான் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி கண்டுபிடித்தார். 1980-இல் ஜப்பானில் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திக் காப்பாற்றினார்கள். என் தங்கை பேரன் 30 வாரத்தில் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அவனுடைய விலா உள்ளே போய் உள்ளே போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் அந்த இழுப்பு தணிந்தது. அன்றுவரை பரப்பு இழுவிசையை நான் கரும்பலகையில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

உங்கள் மகள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும், நம் ஊரில் தேட வேண்டியதில்லை. வாலில் இருக்கிற மூச்சுக்குழலைத் தண்ணீரின் தோலில் கோத்துத் தலைகீழாகத் தொங்கும். அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் விடச் சொல்லுங்கள். தோல் தளர்ந்துவிடும், புழுவால் தொங்க முடியாது, மேலே வரப் பார்த்து வழுக்கி வழுக்கிக் கீழே போகும். கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். தட்டில் மட்டும் செய்யட்டும். ஆர்வத்தில் சம்ப்பில் ஊற்றிவிட்டால் அப்புறம் லாரிக்குச் சொல்லிவிட்டு நீங்கள்தான் காத்திருக்க வேண்டும்.